பழைய கணினியும் பேஜ்மேக்கர் கோப்புகளும்

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். தமிழில் கல்யாணப் பத்திரிகை, மலையாளத்தில் மனு, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாமே ஒரே கணினியில்தான். நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜி.பி. ராம், 500 ஜி.பி. ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. காலையில் போட்டால் வேலைக்குத் தயாராகப் பத்து நிமிடம் ஆகிறது. பொள்ளாச்சிக் கடைக்காரர், ‘இதில் விண்டோஸ் 11 ஏறாது, புதிது வாங்கிவிடுங்கள்’ என்கிறார். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், ‘பள்ளியில் இருப்பதுபோல் லினக்ஸ் போடலாமே அப்பா’ என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது? பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் இருக்கும் பழைய வேலைகள் என்ன ஆகும்?

பதில்: மகள் சொல்வதைக் கேளுங்கள். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றித் தருபவர்கள் உண்டு. ஊரார் ஆதாரும் பாஸ்புக்கும் ஸ்கேன் ஆகும் கணினியில் அந்த விளையாட்டு வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டன. அதற்குப் பிறகும் அதை இணையத்தில் வைத்திருப்பது சரியல்ல.

ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஹார்டு டிஸ்க்குக்குள் நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் தட்டு இருக்கிறது. அதன் மேல் ஒரு முள் அங்குமிங்கும் ஓடித் தகவலைத் தேடுகிறது. ஒவ்வொரு தேடலுக்கும் ஏறக்குறைய 10 மில்லி விநாடி. விண்டோஸ் எழுந்திருக்க ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேட வேண்டும், கணக்குப் போட்டுப் பாருங்கள். போதாக்குறைக்கு ராம் 4 ஜி.பி. நிரம்பியதும் வழியும் தகவலையும் அதே தட்டில்தான் இறக்கி வைக்கிறது. ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை, தேடல் 0.1 மில்லி விநாடியில் முடிந்துவிடும். ஆகவே உங்கள் ஹார்டு டிஸ்க் இணையும் அதே ‘சாட்டா’ இணைப்பில் பொருந்தும் 2.5 அங்குல எஸ்.எஸ்.டி. ஒன்று, 4 ஜி.பி. டி.டி.ஆர்.3 ராம் ஒன்று வாங்குங்கள். மெலிந்த என்.வி.எம்.இ. வகையைத் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் காலத்து மதர்போர்டுகள் பெரும்பாலானவற்றில் அதற்கு இடமே கிடையாது.

மகள் பள்ளியில் பார்ப்பது கேரள அரசின் ‘கைட்’ நிறுவனம் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் வகையை வைத்து உருவாக்கியது. நல்லதுதான். ஆனால் உபுண்டு 22.04-க்கான வழக்கமான ஆதரவு 2027 ஏப்ரலில் முடிகிறது. கடைக்கு நான் லினக்ஸ் மின்ட் 22 என்ற இன்னொரு வகையைப் போடுவேன். அதற்கு 2029 வரை திருத்தங்கள் வரும். பென் டிரைவில் ஏற்றி, கணினியில் பதியாமலேயே ஓட்டிப் பாருங்கள். பிரிண்டரும் ஸ்கேனரும் அதில் வேலை செய்தால் மட்டும் அடுத்த அடி.

இனி, உங்களை உண்மையில் சிரமப்படுத்தப் போகும் விஷயம். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறியெண் தரும் யூனிகோடு முறை அதற்குத் தெரியாது. நீங்கள் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தால், ‘தமிழ்’ என்ற சொல் அந்தக் கோப்பில் தமிழாகவே இல்லை. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து ஆங்கிலக் குறிகளாகக் கிடக்கிறது. எழுத்துரு அதன் மேல் தமிழ் முகமூடியைப் போட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வேஷம் கலைந்துவிடும். மலையாளத்தில் எம்.எல். கார்த்திகாவில் அடித்தவற்றுக்கும் இதே கதி.

இவற்றை யூனிகோடாக மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. பாமினியில் பெரிய ‘கே’ எழுத்துதான் ‘மு’. பத்திரிகையில் பெண்ணின் தந்தை பெயருக்கு முன் ஆங்கிலத்தில் ‘கே’ என்று இனிஷியல் போட்டிருந்தால், மாற்றியபின் அவர் மு. ஆகிவிடுவார். எழுத்துப் பிழை என்றால் கண்ணை உறுத்தும். இது ஒழுங்கான தமிழ் இனிஷியலாகவே நிற்கும், மெய்ப்புப் பார்ப்பவரும் தாண்டிப் போய்விடுவார். பட்டங்கள், மின்னஞ்சல் முகவரிகள் என ஆங்கிலத்தில் இருந்த எல்லாவற்றையும் பழைய அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். எல்லாக் கோப்புகளையும் மாற்றிக்கொண்டிருக்கவும் வேண்டாம். திரும்பத் திரும்ப வரும் பத்திரிகை மாதிரிகள், மனு வாசகங்கள் போதும்.

மற்றவற்றுக்காகப் பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றாதீர்கள். எஸ்.எஸ்.டி.யில் லினக்ஸ், ஹார்டு டிஸ்க்கில் பழைய விண்டோஸும் பேஜ்மேக்கரும். எது வேண்டும் என்று கணினியைப் போடும்போது தேர்ந்தெடுக்கலாம். பழையதில் நுழையும்போது நெட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள், வைஃபை இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். புதிய வேலைகளை லினக்ஸில் யூனிகோடில் அடியுங்கள். லிப்ரே ஆபீஸ் மனுவுக்கு, பேஜ்மேக்கர் போன்ற ஸ்கிரைபஸ் 1.6 பத்திரிகைக்கு. தமிழ்99 விசைப்பலகைக்கு விரல் பழகும்வரை சில வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். அச்சகத்துக்கு எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப். கொடுத்தால், உங்கள் எழுத்துரு அவர்களிடம் இருக்கிறதா என்ற கவலை இல்லை.

கணினிப் பெட்டியைத் திறப்பதற்கு முன் எல்லாக் கோப்புகளையும், பாமினி எழுத்துருக் கோப்பையும் சேர்த்து, வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்துவிடுங்கள். ஹார்டு டிஸ்க்கில் ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்டால் நாளைக்கு என்று தள்ளிப் போட வேண்டாம், இன்றே.