மோதலில் அடிபட்ட பைபர் படகை நாமே சரிசெய்ய முடியுமா? பக்கச்சுவரும் விளிம்பும் போயிருந்தால் எங்கிருந்து தொடங்குவது?

முடியும். ஒரே அடிக்கு இரண்டு தடவை வேலை பார்த்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன். முதல் தடவை பார்த்த வேலை 12 நாள்தான் தாங்கியது.

எங்கள் ஊர் உவரிக்கும் கூட்டப்புளிக்கும் இடையில். அப்பாவும் சித்தப்பாவும் கூட்டாக வாங்கிய 30 அடி பைபர் வள்ளம். ஆனி மாதம், கச்சான் என்ற மேல்காற்று சுழற்றி அடிக்கிற நேரம். விடியக் கரை பிடிக்க வரும்போது, கடலுக்குள் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவு முனையில் ஒரு அலை எங்களைத் தூக்கிப் பக்கவாட்டில் போட்டது. பின்னால் வந்த வள்ளத்தின் அணியம், அதாவது முன்முனை, நேராக எங்கள் வலது பள்ளையில், அதாவது பக்கச்சுவரில், இடித்தது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. கரையில் இறங்கி இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் சத்தம் போட்டோம். பிறகு அப்பாவே, "அலை செஞ்சதுக்கு அவன என்னத்தச் சொல்ல" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பார்த்தால் சாண் நீளத்துக்கு ஒரு கீறல். விளிம்புக் கட்டை இரண்டு அடிக்குப் பிளந்து, அதன்மேல் அறைந்திருந்த ரப்பர் தொங்கியது. அவ்வளவுதானே என்று கீறலைத் தேய்த்து, பட்டி வைத்து, மேலே நீலப் பெயின்ட் அடித்துவிட்டேன். கட்டைக்கு இரண்டு ஆணி. 13ஆம் நாள் கடலில் பாதி வழியிலேயே தண்ணீர் கோரிக் கொட்ட வேண்டியதாயிற்று.

அன்றைக்குச் சித்தப்பா என்னைத் திட்டவில்லை. மடியிலிருந்து ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்துத் தந்து, "ஏல, வெளிய பாத்து வைத்தியம் பாக்காத. தட்டிப் பாரு" என்றார். நல்ல இடத்தில் தட்டினால் டங் டங் என்று கணீரென்று கேட்கும். கீறலை நெருங்க நெருங்க சத்தம் மாறி, ஒரு இடத்தில் டொப் என்று செத்துப்போகும். அந்த இடத்தில் பைபர் அடுக்குகள் ஒன்றை ஒன்று விட்டுவிட்டன என்று அர்த்தம். சத்தம் மாறுகிற இடமெல்லாம் சாக்பீஸால் புள்ளி வைத்துக்கொண்டே போனேன். புள்ளிகளைச் சேர்த்தபோது சாண் கீறலுக்குப் பின்னால் ஒரு முழத்துக்கு மேல் வட்டம் விழுந்தது. கீழ்ப்பாதி நீர்மட்டத்துக்கு அடியில்.

எனவே உங்கள் கேள்விக்கு முதல் பதில்: தொடங்க வேண்டியது வெளியே அல்ல, உள்ளே. பைபர் சுவர் இடி வாங்கினால் பலகை மாதிரி உடையாது, வளைந்து கொடுத்துத் திரும்பி வந்துவிடும். அப்படி வளையும்போது உள்ளே வங்கும் (சுவரைத் தாங்கும் விலா எலும்பு மாதிரியான சட்டம்) இருக்கைப் பலகையும் சுவரோடு ஒட்டியிருக்கிற இடம் வளைய முடியாமல் அங்கே வெடிக்கும். எங்களுக்கும் அடி விழுந்த இடத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி, வங்கு ஓரமாக மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. வலையையும் ஐஸ் பெட்டியையும் எடுத்த பிறகுதான் கண்ணில் பட்டது.

அடுத்தது உப்பும் ஈரமும். நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று தடவை கழுவுங்கள். உப்பு இருந்தால் அது காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். காய்ந்ததா என்று கையால் தடவிப் பார்த்தால் தெரியாது. ஒரு பாலிதீன் துண்டை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. எங்களுக்கு நான்கு நாள் ஆனது. தொழிலுக்குப் போகாத நான்கு நாள் என்றால் வீட்டில் என்ன பேச்சு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் இதில் அவசரப்பட்டால் மற்ற வேலை எல்லாம் வீண்.

காய்ந்ததும் சாக்பீஸ் வட்டத்துக்குள் இருப்பதை எல்லாம் கிரைண்டரால் எடுத்துவிட வேண்டும். நல்ல பைபர் வருகிற வரைக்கும் தயங்காமல் எடுங்கள். அதன்பிறகு ஓரத்தைச் சரிவாக இறக்க வேண்டும். சுவர் கனத்தைப்போல் 12 மடங்கு சரிவு என்பது கணக்கு. எங்கள் வள்ளத்தில் அந்த இடம் 6 மில்லிமீட்டர் கனம். அப்படியென்றால் சுற்றிலும் 7 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட நாலு விரல்கடை. செங்குத்தாக வெட்டி ஒட்டினால் புதுத் துண்டு பழையதைப் பிடிக்க ஓரம் மட்டும்தான் இருக்கும், சரிவு இருந்தால் அந்த நாலு விரல்கடை முழுக்கப் பிடிக்கும். நான் பட்டி வைத்தது ஏன் உதிர்ந்தது என்பதும் இதிலேயே இருக்கிறது: பட்டியில் நார் கிடையாது.

கிரைண்டர் தூசி கண்ணாடித் தூசி. முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் தொடாதீர்கள். வேலை முடிந்து குளிக்கும்போது பச்சைத் தண்ணீர்தான். நான் உடம்பு வலிக்கு வெந்நீர் போட்டுக் குளித்து, அன்று ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டு கிடந்தேன்.

ரெசின், மேட்டு (கண்ணாடி நார் விரிப்பு), ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர் எல்லாம் நாகர்கோவிலிலோ தூத்துக்குடியிலோ வாங்கலாம். ரெசின் வாங்கும்போதே, இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் கலந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கலக்காதது என்றால் கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கி, அதற்குப் பிறகே ஹார்டனர் ஊற்ற வேண்டும். கோபால்ட்டும் ஹார்டனரும் நேரடியாக ஒன்று சேரவே கூடாது, வெடித்துத் தீப்பிடிக்கும். இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக்கூட சித்தப்பா விடமாட்டார். ஹார்டனர் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

ஒரு கிலோ ரெசினுக்கு ஹார்டனர் 10 முதல் 20 மில்லி. எங்கள் ஊர் வெயிலுக்கு 10 போதும். அதற்கும் குறைத்தால் உள்ளே வேகாமல் நின்றுவிடும். ஒரே நேரத்தில் அரைக் கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள். நான் பிளாஸ்டிக் மக்கில் மிச்சம் வைத்திருந்த ரெசின், நான் மேட்டு வெட்டிவிட்டுத் திரும்புவதற்குள் புகைந்து, மக்கின் அடி உருகி மணலில் இறங்கியிருந்தது. காலை ஒன்பது மணிக்குள் வேலையை முடிப்பது நல்லது.

ஓட்டை மறுபக்கம் வரை போயிருந்தால், வெளிப்பக்கம் வளைவுக்கு ஏற்ற மாதிரி ஒரு சன்மைக்கா துண்டில் மெழுகு தடவி இறுக்கிக் கட்டி, உள்ளிருந்து அடுக்குங்கள். 450 கிராம் மேட்டு (சதுர மீட்டருக்கு அவ்வளவு எடை) ஓர் அடுக்குக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் கனம் தரும். எங்களுக்கு ஆறு அடுக்கு போனது. மேட்டு ஒன்றேகால் கிலோ, ரெசின் மூன்று கிலோ. மூன்று அடுக்கு போட்டதும் நிறுத்தி, சூடு தணிந்த பிறகு அடுத்த மூன்று. மேட்டு வெள்ளையாக இருக்கும், ரெசின் ஊறியதும் கண்ணாடி மாதிரி ஆகி அடியில் இருப்பது தெரியும். வெள்ளைப் பொட்டாக எது நின்றாலும் அது காற்று. பல் வைத்த ரோலரால் நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டி வெளியேற்ற வேண்டும்.

குற்றாலத்துக்குச் சாரல் கொண்டுவருகிற அதே காற்று எங்களுக்குத் தேரி மண்ணைத்தான் கொண்டுவரும். ஈர ரெசின்மேல் செம்மண் பறந்து ஒட்டினால் அதற்கு மேல் போடும் அடுக்கு பிடிக்காது. பனையோலைத் தட்டி இரண்டை வள்ளத்தோடு சேர்த்துக் கட்டினோம். அப்படியும் கொஞ்சம் விழுந்தது, தேய்த்து எடுத்தோம்.

இடையில் ஒரு குழப்பம். காற்றாலை இறக்கை ரிப்பேர் வேலைக்குப் போகிற மச்சான் ஒருவன், ராதாபுரம் பக்கம் வேலையில் மிஞ்சிய எபாக்சி டின்னோடு வந்து, "இதுதான் ஸ்ட்ராங்கு மாப்ள" என்றான். அவன் சொன்னது பொய் இல்லை, எபாக்சி நன்றாகவே ஒட்டும். ஆனால் நம் சாதாரண மேட்டில் நாரைப் பிடித்து வைத்திருக்கிற பசை பாலியஸ்டர் ரெசினில் கரையும், எபாக்சியில் கரையாது, மேட்டு சரியாக ஊறாது. எபாக்சிக்கு நெய்த துணிதான் வேண்டும். அதன்மேல் பிறகு ஜெல்கோட், அதாவது வெளிப்புற நிறப் பூச்சு, அடித்தாலும் சரியாகப் பிடிக்காது. டின்னைத் திருப்பிக் கொடுத்தனுப்பினோம். அணியத்துக்கு அடியில் மிதப்புக்காகத் தெர்மாகோல் அடைத்திருந்தால் அங்கும் கவனம். பாலியஸ்டர் ரெசின் பட்டால் அது கரைந்து காணாமல் போகும்.

விளிம்புக்கு வருகிறேன். அதைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். சுவர் உள்ளும் வெளியும் ஆடாமல் பிடித்திருப்பதே அந்தக் கட்டைதான். நான் ஆணி அறைந்து விட்ட விளிம்பு ஆட ஆட, கீழே பட்டியும் உதிர்ந்திருக்கிறது. இரண்டாம் தடவை ஆசாரி அண்ணாச்சி வந்து, பிளந்த இரண்டு அடியை மட்டும் வெட்டாமல் நாலரை அடிக்கு எடுத்தார். பழைய திருகாணி ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் இறங்கிக் கட்டை உள்ளே கருத்து, விரலால் கிள்ளினால் வரும் நிலையில் இருந்தது. அயினிப் பலகையை ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, வளைவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கயிறு முறுக்கிப் பிடித்து, அப்படியே காயவிட்டார். இணைப்பு இரண்டு முனையிலும் நீளச் சாய்வு வெட்டு. துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி, ஒவ்வொரு ஓட்டையிலும் முறுக்குவதற்கு முன் ரெசின். அதன் பிறகு ரப்பர்.

எது நாமே செய்யக்கூடாது என்றும் கேட்டால், ஏராவிலோ (வள்ளத்தின் அடித்தண்டு), இன்ஜின் தொங்குகிற பின்பலகையிலோ அடி இருந்தால் தொழில் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் மட்டும் அவர் கிடைப்பது கஷ்டம், விசைப்படகுகள் எல்லாம் அப்போதுதான் கரையேறி வேலைக்கு நிற்கும்.

கடைசியில் ஜெல்கோட். பழைய நீலத்துக்குப் புது நீலம் ஒத்துவரவே இல்லை, இன்றைக்கும் பள்ளையில் திட்டாகத் தெரிகிறது. பதிவு எண்ணில் அழிந்த இரண்டு எழுத்தை மறுபடி எழுதினோம். இறக்குவதற்கு முன் ஒட்டுப்போட்ட இடத்தின் உள்பக்கம் முழுக்க அம்மாவிடம் கோலப்பொடி வாங்கித் தூவிவிட்டேன். முதல் நாள் இன்ஜினை ஓட்டியது சித்தப்பா. நான் பொடியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கரை வரும்வரை பொடி பொடியாகவே இருந்தது.