வாசகர் கேள்விகள்: ஆண்களின் அணிகலன்களில் அடுத்து வருவது என்ன?

ஆண்களின் அணிகலன்கள் குறித்து வந்த கடிதங்களில், எது புதிது என்ற ஆர்வத்தைவிட, 'இதை நான் அணிந்தால் நன்றாக இருக்குமா?' என்ற தயக்கமே மிகுதியாகத் தெரிந்தது. இரண்டுக்கும் சேர்த்தே இங்கே பதில் எழுத முயன்றிருக்கிறேன்.

கேள்வி: அடுத்த பருவத்தில் இதுதான் வரப்போகிறது என்று எழுதுகிறீர்களே, இன்னும் வராத ஒன்றை எப்படி முன்கூட்டியே சொல்ல முடிகிறது?

இதில் சோதிடம் எதுவும் இல்லை. ஆடை வணிகத்தின் நாட்காட்டியே அப்படி அமைந்திருக்கிறது. மிலனிலும் பாரிஸிலும் ஜனவரியில் நடக்கும் ஆண்களுக்கான ஆடைக் காட்சிகளில் அந்த ஆண்டின் இலையுதிர், குளிர்காலப் பொருட்களும், ஜூனில் நடப்பவற்றில் அடுத்த ஆண்டின் வசந்த, கோடைகாலப் பொருட்களும் வெளியாகின்றன. இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் 1972 முதல் நடந்துவரும் பிட்டி உவோமோ என்ற வணிகக் கண்காட்சியும் இதே இரு மாதங்களில்தான் கூடுகிறது. கடைக்காரர்கள் அங்கே கொடுக்கும் கொள்முதல் ஆணைகள் ஏறத்தாழ ஆறு மாதங்கள் கழித்துக் கடை அலமாரிக்கு வந்து சேர்வதால், அந்த ஆணைகளைக் கவனிப்பவர்களுக்கு வரப்போவது ஓரளவு தெரிந்துவிடுகிறது.

ஆனால் மேடையில் நடந்துபோன எல்லாமே தெருவுக்கு வந்துவிடுவதில்லை. ஒரு பொருள் தொடர்ந்து மூன்று பருவங்களில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வடிவமைப்பாளர்களிடம் தென்பட்டால் மட்டுமே அதைப் போக்கு என்று எழுதுவது என் வழக்கம். சட்டைக்கும் காற்சட்டைக்கும் அளவுச் சிக்கல் உண்டு. கோட்டில் ஊசியால் குத்தும் அலங்கார நகையான ப்ரூச்சுக்கோ கழுத்துச் சங்கிலிக்கோ அது இல்லை. அதனால் மாற்றம் பெரும்பாலும் அணிகலன்களில்தான் முதலில் தெரிகிறது.

கேள்வி: தாத்தாவின் கைக்கடிகாரம் என்னிடம் வந்திருக்கிறது. அதன் முகப்பு 34 மில்லிமீட்டர்தான். நண்பர்கள் அதைப் பெண்களின் கடிகாரம் என்று கேலி செய்கிறார்கள். பெட்டியிலேயே வைத்துவிடலாமா?

வைத்துவிடாதீர்கள். உங்கள் நண்பர்கள்தான் பத்தாண்டு பின்தங்கியிருக்கிறார்கள்.

கேலிக்குப் பின்னால் ஒரு வேடிக்கையான வரலாறு இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை மேலைநாடுகளில் கைக்கடிகாரம் என்பதே பெண்களின் நகையாகத்தான் கருதப்பட்டது. ஆண்கள் சங்கிலி கோத்த பாக்கெட் கடிகாரமே வைத்திருந்தார்கள். பறந்துகொண்டே பாக்கெட்டிலிருந்து கடிகாரத்தை எடுக்க முடியவில்லை என்று பிரேசில் நாட்டு விமானி சாண்டோஸ் டூமாண்ட் சொன்னதைக் கேட்டு, பாரிஸ் நகை வணிகர் லூயி கார்ட்டியர் 1904இல் அவருக்காக ஒரு கைக்கடிகாரம் செய்துகொடுத்தார். பதுங்குகுழிகளில் இரு கைகளுக்கும் வேலை இருந்த முதல் உலகப் போரின் வீரர்கள்தான் அதைப் பொதுவான ஆண்களின் பொருளாக்கினார்கள். அதன்பின் ஐம்பது, அறுபதுகள்வரை 32 முதல் 36 மில்லிமீட்டர் என்பதே ஆண்களின் இயல்பான அளவாக இருந்தது. 42, 44 என்று முகப்பு பெருத்தது 2000க்குப் பிந்தைய கதை. அந்தப் பெருக்கம் இப்போது வடிந்து, புதிதாக வெளியாகும் கடிகாரங்களிலேயே 36 முதல் 39 வரையான அளவுகள் மிகுதியாகக் காணப்படுகின்றன. 1917இல் உருவான கார்ட்டியர் டேங்க் போன்ற செவ்வக வடிவங்களுக்கும், மெல்லிய கல் தகட்டாலான முகப்புகளுக்கும் வரவேற்பு கூடியிருக்கிறது.

பொருத்தம் பார்க்க முகப்பின் விட்டம் மட்டும் போதாது. வார் மாட்டுவதற்காக மேலும் கீழும் நீண்டிருக்கும் கொம்புகளின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அளந்து பாருங்கள். அந்த நீளம் உங்கள் மணிக்கட்டின் தட்டையான பரப்பைத் தாண்டக் கூடாது. மணிக்கட்டுச் சுற்றளவு 16 சென்டிமீட்டருக்கு உட்பட்டவர்களுக்கு 34 முதல் 38 வரை அழகாக அமரும் என்பது என் அனுபவம்.

பழைய கடிகாரம் என்பதால் மூன்று எச்சரிக்கைகள். உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் காலப்போக்கில் இறுகிப்போயிருக்கும்; ஆகையால் பின்மூடியில் நீர் புகாது என்று பொறித்திருந்தாலும் தண்ணீரிலிருந்து தள்ளியே வையுங்கள். அறுபதுகளுக்கு முற்பட்ட கடிகாரங்களில் இருளில் ஒளிரும் எண்களுக்கு ரேடியம் கலந்த பூச்சு பயன்பட்டதுண்டு. எண்கள் பழுப்பேறிய பூச்சோடு இருந்தால் நீங்களாகத் திறக்காமல், விவரம் தெரிந்த பழுதுபார்ப்பவரிடமே கொடுங்கள். மூன்றாவது சிறிய விஷயம்தான்: வாரின் அகலம் 17 அல்லது 19 மில்லிமீட்டர் என்று ஒற்றைப்படையில் இருக்கக்கூடும் என்பதால், அளந்த பிறகே புது வார் வாங்குங்கள்.

கேள்வி: விருது விழாக்களில் நடிகர்கள் கோட்டில் ப்ரூச் குத்திக்கொண்டும், கழுத்தில் முத்து மாலை அணிந்துகொண்டும் வருகிறார்கள். நாற்பதைக் கடந்த, சாதாரண அலுவலகம் போகும் என் போன்றவருக்கு இது ஒத்துவருமா?

ப்ரூச் ஒத்துவரும், முத்து உங்கள் மனத்துணிவைப் பொறுத்தது.

ஆண் நகை அணிவது புதுமை என்று நாம் எண்ணுவதே மறதியின் விளைவு. முகலாய மன்னர்களின் ஓவியங்களில் முத்துச்சரம் இல்லாத கழுத்தைக் காண்பது அரிது. இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ் 1649இல் கொலைமேடை ஏறியபோதுகூடக் காதில் முத்துத் தோடு அணிந்திருந்தார். ஐரோப்பிய ஆண்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பட்டையும் நகையையும் களைந்து கறுப்புக் கோட்டுக்குள் புகுந்துகொண்டதை, உளவியலாளர் ஒருவர் 1930இல் 'ஆண்களின் பெருந்துறவு' என்றே குறிப்பிட்டார். பாடகர் ஹாரி ஸ்டைல்ஸ் 2019ஆம் ஆண்டு நியூயார்க்கின் மெட் காலா ஆடை அலங்கார விழாவுக்கு ஒற்றை முத்துத் தோட்டுடன் வந்தபோது எழுந்த பரபரப்பு, அந்தத் துறவு எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதைத்தான் காட்டியது. இப்போது அது கலைந்துகொண்டிருக்கிறது.

ப்ரூச்சை எங்கே குத்துவது என்பதில் பலரும் தடுமாறுகிறார்கள். கோட்டின் இடப்பக்கக் கழுத்து மடிப்பில் பொத்தான் இல்லாத ஒரு துளை இருக்கும். பூச்செருக இன்றும் பயன்படும் அந்தத் துளையை ஒட்டியே குத்தினால் துணியும் கிழியாது, இடமும் சரியாக அமையும். நாணயத்தைவிடப் பெரிதாக வேண்டாம். ப்ரூச் அணியும் நாளில் மேல்பாக்கெட்டில் கைக்குட்டையும் வைத்தால் இரண்டும் ஒன்றோடொன்று போட்டியிடும், ஒன்றை விட்டுவிடுங்கள். ஊசிக்குப் பதிலாகக் காந்தம் வைத்த ப்ரூச்சுகள் துணியைக் காப்பாற்றும் என்றாலும், இதயத்துக்குப் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் நெஞ்சருகே காந்தத்தை அணியக் கூடாது.

முத்து வேண்டுமென்றால் சீரான உருண்டைகளால் ஆன முழு மாலையில் தொடங்காமல், மெல்லிய சங்கிலியில் கோத்த ஒன்றிரண்டு ஒழுங்கற்ற முத்துகளில் தொடங்குவது எளிது. சட்டையின் மேல்பொத்தானைத் திறந்துவிட்டால் தெரியும், மூடினால் மறைந்துவிடும். முத்து கால்சியம் கார்பனேட்டால் ஆனது என்பதால் வியர்வையும் வாசனைத் திரவியமும் அதன் பளபளப்பைத் தின்றுவிடும். எல்லாம் பூசி முடித்தபின் கடைசியாக அணிந்து, வீடு திரும்பியதும் முதலில் கழற்றி, மென்துணியால் துடைத்து வையுங்கள்.

கேள்வி: டை கட்டும் காலம் முடிந்துவிட்டது என்கிறான் மகன். என்னிடம் பழைய அகலமான டைகள் நிறைய இருக்கின்றன. தூக்கிப் போட்டுவிடலாமா?

மகனிடம் கொடுத்துவிடுங்கள், இன்னும் சில மாதங்களில் அவனே கேட்பான். அலுவலகக் கட்டாயம் என்ற நிலையிலிருந்து டை விடுபட்டதாலேயே, விரும்பிக் கட்டும் பொருளாக இளைஞர்களிடம் அது திரும்பி வந்திருக்கிறது. டெனிம் சட்டையோடும், கோட்டே இல்லாமலும், ஸ்வெட்டருக்குள் செருகியும் கட்டுகிறார்கள். ஒரு காலத்தில் ஆட்சி செய்த ஐந்து, ஆறு சென்டிமீட்டர் ஒல்லி டைகள் விடைபெற்று, எட்டு முதல் ஒன்பது சென்டிமீட்டர் அகலம் மீண்டும் இயல்பாகியிருக்கிறது. கோட்டின் கழுத்து மடிப்பு எவ்வளவு அகலமோ ஏறத்தாழ அவ்வளவு அகலமான டை என்ற பழைய கணக்கு எப்போதும் பொய்த்ததில்லை.

தரம் அறிய ஓர் எளிய சோதனை உண்டு. துணியை 45 பாகை சாய்வில் வெட்டி, மூன்று துண்டுகளாக இணைத்துத் தைக்கும் முறையை நியூயார்க்கைச் சேர்ந்த ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப் 1920களில் கொண்டுவந்தார். முடிச்சை அவிழ்த்தபின் டை தன் வடிவத்துக்குத் திரும்புவது அந்தச் சாய்வினால்தான். டையின் குறுகிய முனையைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். முறுக்கிக்கொண்டால் வெட்டு சரியில்லை என்று பொருள். அப்படிப்பட்டவற்றை மட்டும் கழித்துவிடலாம்.

கேள்வி: ஸ்மார்ட் வாட்சுக்குப் பதிலாக ஸ்மார்ட் மோதிரம் வாங்கினால், விரும்பிய பழைய வகைக் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?

நல்ல யோசனைதான், பலரும் அப்படித்தான் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். ஃபின்லாந்தின் ஓரா நிறுவனம் பரவலாக்கிய இந்தத் துறையில் 2024இல் சாம்சங்கும் கேலக்ஸி ரிங்கோடு இறங்கியபின், உறக்கத்தையும் இதயத் துடிப்பையும் கணக்கெடுக்கும் வேலை மணிக்கட்டை விட்டு விரலுக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது.

இருந்தாலும் அதை நகையாக எண்ணி வாங்காதீர்கள். உள்ளே அடைத்து மூடப்பட்ட பேட்டரியை மாற்ற வழியில்லை என்பதால், சில ஆண்டுகளில் அதன் ஆயுள் முடிந்துவிடும். பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போகும் மோதிரம் அன்று அது. வெப்பத்தில் விரல் வீங்கும், குளிரில் சுருங்கும். ஆகவே நிறுவனம் தரும் மாதிரி வளையத்தை ஒரு நாள் முழுவதும், உறக்கத்திலும் அணிந்து பார்த்தே அளவைச் சொல்லுங்கள். தங்க மோதிரத்தை ஒட்டிய விரலில் போட்டால், டைட்டானியத்தின் உரசலில் தேய்வது தங்கம்தான்.

கேள்வி: கண் தெரியும்படியான மெல்லிய மஞ்சள், நீல நிறக் கண்ணாடிகளை இப்போது நிறையப் பேர் அணிகிறார்கள். வெயிலில் அது கண்ணைக் காக்குமா?

நிறத்தின் அடர்த்தி வேறு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் திறன் வேறு. யுவி 400 என்ற குறிப்பு இருந்தால், 400 நானோமீட்டர்வரையான கதிர்களை அந்தக் கண்ணாடி தடுக்கும். மெல்லிய நிறத்திலும் அந்தப் பாதுகாப்பு இருக்க முடியும். அது இல்லாத கறுப்புக் கண்ணாடிதான் உண்மையில் ஆபத்தானது, ஏனென்றால் இருளில் கண்மணி விரிந்து கூடுதல் கதிரை உள்ளே விடுகிறது. கூசும் வெயிலைக் குறைக்க வேண்டுமானால் 0 முதல் 4 வரையான வகை எண்ணைப் பாருங்கள். மெல்லிய நிறங்கள் 0 அல்லது 1இல் அடங்கும், நடுப்பகலுக்கு 3 வேண்டும், 4 வண்டி ஓட்ட உதவாது. ஆகவே மஞ்சள் கண்ணாடி மாலை விருந்துக்கு, மதிய வெயிலுக்கு வேறொன்று.

அளவைப் பற்றி ஒரு சொல். காதில் மாட்டும் கம்பியின் உட்பக்கத்தில் 52, 18, 145 என்பது போல மூன்று எண்கள் அச்சிட்டிருக்கும். அவை முறையே கண்ணாடியின் அகலம், மூக்குப்பாலம், கம்பியின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். உங்களுக்குப் பொருந்தும் பழைய கண்ணாடியின் எண்களைக் குறித்து வைத்துக்கொண்டால், இணையத்தில் வாங்கும்போது ஏமாற மாட்டீர்கள்.

கேள்வி: தோல் என்று சொல்லி வாங்கிய பெல்ட் ஒரே ஆண்டில் மேல்பூச்சு உரிந்து, செதில் செதிலாக வந்துவிட்டது. அடுத்ததை எப்படித் தேர்ந்தெடுப்பது?

உரிந்தது தோலாக இருக்க வாய்ப்பில்லை. தோல் வெட்டும்போது உதிரும் தூளைப் பசையால் ஒட்டி மேலே பாலியூரித்தேன் பூசிய அட்டையாகவோ, துணிமேல் அதே பூச்சிட்ட செயற்கைத் தோலாகவோ இருந்திருக்கும். அந்தப் பூச்சு காற்றின் ஈரத்தால் மெல்லச் சிதைகிறது, அணியாமல் அலமாரியில் வைத்திருந்தாலும்கூட. பெல்ட்டின் வெட்டு விளிம்பைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை நார்நாராக ஒரே பொருளாகத் தெரிந்தால் தோல்; சாண்ட்விச் போல அடுக்குகள் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

கறுப்பைவிட அடர்பழுப்பும், மேற்பரப்பு மென்மயிர் போலிருக்கும் ஸ்வேடு தோலும், அலங்காரமில்லாத சிறு பக்கிளும்தான் இப்போதைய திசை. பெரிய எழுத்தில் நிறுவனப் பெயர் பொறித்த பக்கிள்களின் காலம், என்னைக் கேட்டால், நல்லவேளையாக முடிந்தது. அகலம் மூன்று முதல் மூன்றரை சென்டிமீட்டர் இருந்தால் அலுவலகக் காற்சட்டைக்கும் போதும். நீளத்தை ஐந்து துளைகளில் நடுத்துளைக்குக் கணக்கிட்டு வாங்குங்கள்.

கேள்வி: தோளில் குறுக்காக மாட்டும் சிறு பையைப் பெண்களின் பை என்கிறார்களே?

பாக்கெட் கொள்ளாத அளவுக்குப் போன் வளர்ந்துவிட்டது. சொல்கிறவர்கள் தங்கள் போனை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: வெள்ளி நிறக் கடிகாரத்தோடு தங்க மோதிரம் அணிவது தவறு என்று படித்தேன். உண்மையா?

அந்த விதி செல்லாமல் போய் வெகுநாளாகிறது. மூன்று நிற உலோக வளையங்களை ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்த கார்ட்டியரின் டிரினிட்டி மோதிரம் வெளியானதே 1924இல். கலவை தற்செயல் போலத் தோன்றாமலிருக்க, ஒவ்வொரு நிறமும் உடலில் இரண்டு இடங்களிலாவது தென்படட்டும்: தங்க மோதிரம் அணிந்தால் கண்ணாடிச் சட்டத்திலோ பெல்ட் பக்கிளிலோ இன்னொரு துளி தங்க நிறம்.