பொடி விற்கிறது, காசு நிற்கவில்லை!

நங்கநல்லூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "மகள் இரண்டாம் வகுப்பு, மகனுக்கு மூன்று வயது. வீட்டில் இட்லிப் பொடி, பருப்புப் பொடி செய்து அக்கம்பக்கத்தில் கொடுக்கிறேன். கிலோ 400 ரூபாய். மாதம் 40 கிலோ போகிறது. மளிகைக்கு 9,600, கேஸ், அரவைக் கூலி, கவர், ஆட்டோவுக்கு 1,900. மாதத்தில் 22 நாள், தினமும் நான்கு மணி நேரம் உழைக்கிறேன். கையில் எதுவும் நிற்பதில்லை. கடன் வாங்கி அரவை மெஷின் போடலாமா? உரிமம் வேண்டுமா?"

கடனை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். மெஷின் வந்தால் அரவைக் கூலி மிச்சமாகும், தவணை வந்து உட்கார்ந்துகொள்ளும். கோளாறு விலையில் இருக்கிறது.

16,000 ரூபாய்க்கு விற்று 11,500 செலவானால் மீதி 4,500. அதை உங்கள் 88 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 51 ரூபாய். அடுப்படியில் மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே வறுப்பதற்கு இதுவா கூலி? கிலோ 520 ரூபாய் வையுங்கள். பத்துக் கிலோவுக்கான வாடிக்கையாளர்கள் விலகிப்போனாலும், செலவும் அதே அளவுக்கு 8,625 ஆகக் குறையும், மீதி 30 கிலோவில் 6,975 ரூபாய் நிற்கும். வேலையும் 66 மணி நேரமாகக் குறையும். "கடையில் இதைவிடக் குறைச்சல்தானே அம்மா?" என்று கேட்பவர் கேட்கட்டும். அவர் கடையிலேயே வாங்கட்டும்.

இன்னொன்று. பருப்பையும் மிளகாயையும் வறுப்பதற்கு முன் ஒருமுறை எடை போடுங்கள். அரைத்து ஆறவைத்துச் சலித்த பின் மறுபடியும் போடுங்கள். ஈரம் வறுபடும்போதே போய்விடும், மெஷினில் கொஞ்சம் தங்கும், சல்லடையில் கொஞ்சம் நிற்கும். வாங்கிய எடையை வைத்துக் கணக்குப் போட்டால் ஒவ்வொரு கிலோவிலும் நஷ்டம் ஒளிந்திருக்கும். நான் பார்த்த பல வீட்டுக் கணக்குகளில் ஓட்டை இங்கேதான்.

விற்பனைப் பணம் வீட்டுக் கணக்கில் விழுந்தால் பால் பாக்கியும் பள்ளி வேன் கட்டணமும் அதைத் தின்றுவிடும். தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். மாதம் பிறந்ததும் உங்கள் சம்பளம் என்று ஒரு தொகையை வீட்டுக்கு மாற்றுங்கள்.

உரிமத்துக்கு வருவோம். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் வீட்டுச் சமையலறை வியாபாரத்துக்கும் பொருந்தும். உங்கள் அளவுக்கு உரிமம் வேண்டாம், பதிவு போதும். உணவுப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அமைப்பான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணைக் கவரில் அச்சிட வேண்டும். சேர்மானம், நிகர எடை, தயாரித்த தேதி, விலை, முகவரி, சைவத்துக்கான பச்சைக் குறி ஆகியவையும் இருக்கட்டும். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். அதற்குப் பணம் கேட்கும் இணையதளம் அரசுடையது அல்ல.

ஜிஎஸ்டிக்கு இப்போது அவசியமில்லை. தமிழ்நாட்டில் பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான் பதிவு. உங்களுடையது இரண்டு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. ஆனால் பெங்களூருக்குப் பொடி விற்று கூரியரில் அனுப்ப ஆரம்பித்தால் கதை வேறு. மாநிலம் தாண்டிய விற்பனைக்கு அந்த வரம்பு பொருந்தாது. அதேபோல, 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான் முறை. அதன் விலையையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் வரவு செலவை நோட்டில் எழுதிய பிறகும் மெஷின் தேவை என்று தோன்றினால், சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில், சிறிய கடன்களுக்கான சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையில்லாமல் கேட்கலாம்.

குழந்தைகளுக்கான நேரம் பற்றி ஒன்றே ஒன்று. வறுக்கும் சட்டியை விடக் கைப்பேசிதான் உங்கள் நேரத்தை அதிகம் தின்கிறது என்று நினைக்கிறேன். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் பொடி கொடுக்கும் நாள் என்று எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். இரவு பத்து மணிக்கு "அக்கா, கால் கிலோ கிடைக்குமா?" என்று செய்தி வந்தால், மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் காலை ஒன்பது மணிக்குப் பதில் போடுங்கள்.