மலையேற பெற்றோல் கெப் தாங்குமா?

கேள்வி: நுவரெலியாவுக்கு அருகே கந்தப்பளையில் மரக்கறி ஏற்றவும், இடைக்கிடை இருசில்லு ட்ராக்டரை ட்ரெயிலரில் இழுக்கவும், பாவித்த 2.7 லீற்றர் பெற்றோல் கெப் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் இழுவையைப் பார்த்து வாங்குங்கள். டொயோட்டா ஹைலக்ஸ் 2.7 பெற்றோல் எஞ்சினின் முறுக்குவிசை (சில்லைச் சுழற்றும் பலம்) சுமார் 245 நியூட்டன் மீற்றர். அதுவும் நிமிடத்துக்கு 4000 சுற்றில்தான் முழுதாகக் கிடைக்கும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1000 மீற்றர் உயரத்துக்கும் சுமார் பத்து வீதம் பலம் இழக்கும். 1868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே முழுப் பாரத்துடன் ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். மூன்றாம் கியரில் சுற்று ஏறியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது.

இறக்கம்தான் பெரிய ஆபத்து. றம்பொடை வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பிரேக் எண்ணெய் கொதித்து, பெடல் தரைவரை போகும். அந்த எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த டொட் 4 வகை பிரேக் எண்ணெய் 155 பாகையிலேயே கொதிக்கக்கூடும். இரண்டு வருடத்துக்கொருமுறை மாற்றுங்கள், இரண்டாம் கியரில் இறங்குங்கள்.

ட்ரெயிலர் எடையில் பத்து வீதமளவு கொக்கியில் அழுந்த வேண்டும். குறைந்தால் பின்பக்கம் ஆடும். அந்த எடையும் கெப்பின் பாரக் கணக்கில் சேரும். மழை ஊர் வண்டி என்பதால் செஸியின் உட்புறத் துருவையும், வில்தகடுகளில் வெடிப்பையும் டோர்ச் அடித்துப் பாருங்கள்.