வாங்கிய மின்நூல் யாருடையது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மின்நூல் படிக்கும் கருவியைப் பற்றி நீங்கள் எப்போதும் நல்லதாகவே எழுதுகிறீர்கள். அதைப் படித்துத்தான் நானும் ஒன்று வாங்கினேன். சில வருடங்களாகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து நாவலும் வரலாறுமாக நிறைய சேர்த்துவிட்டேன். போன மாதம் கணக்கை முடக்கிவிட்டார்கள். காரணம், அதில் பதிந்திருந்த என் பழைய செல்பேசி எண் இப்போது என்னிடம் இல்லை. சேவை மையத்தில் ஒவ்வொரு முறையும் புது ஆள் பேசுகிறார். எல்லோரும் அந்தப் பழைய எண்ணுக்கே ஓடிபி அனுப்புகிறார்கள். முன்பே இறக்கிவைத்த சில நூல்கள் மட்டும் கருவியில் திறக்கின்றன. மற்றவை வெறும் அட்டைப்படமாக நிற்கின்றன. பேசாமல் இதை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டு அச்சுப் புத்தகத்துக்கே திரும்பிவிடலாமா? நீங்கள் எப்படி இன்னும் இதை விரும்புகிறீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உடனே செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். கருவியை ரீசெட் செய்யாதீர்கள். சேவை மையத்தில் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். வைஃபையை அணைத்து வையுங்கள். இறங்கிய நூல்கள் கருவிக்குள்ளேயே இருக்கின்றன, அவற்றைப் படிக்க இணையம் வேண்டாம். நீங்கள் அடிக்கோடிட்ட வரிகளும் குறிப்புகளும் சில கருவிகளில் சாதாரண எழுத்துக் கோப்பாகவே கிடக்கும். யூஎஸ்பி ஒயரில் கணினியோடு இணைத்து, தேடி எடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், வாங்கியதற்கு வந்த ரசீது மின்னஞ்சல்களையெல்லாம் ஒன்றாகத் திரட்டி எழுத்துமூலம் முறையிடுங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி கிடையாது. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, தயங்காமல் கூப்பிடுங்கள். காசு கொடுத்து வாங்கியவர் நீங்கள்.

உங்கள் கோபம் முழுக்க நியாயமானது. நமக்கு விற்கப்படுவது பெரும்பாலும் நூல் அல்ல, படிப்பதற்கான அனுமதி. 2009 ஜூலையில் அமேசான், ஜார்ஜ் ஆர்வெலின் இரண்டு நாவல்களை வாடிக்கையாளர்களின் கிண்டில் படிப்புக்கருவிகளிலிருந்து தொலைவில் இருந்தபடியே அழித்தது. அந்தப் பதிப்பை விற்றவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், தலைவர் ஜெஃப் பெசோஸ் பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார். ஆனால் அதில் பாடக்குறிப்பு எழுதி வைத்திருந்த ஒரு பள்ளி மாணவனுக்கு, எந்த வரிக்கான குறிப்பு எது என்பதே தெரியாமல் போனது. அவன் வழக்குப் போட்டான். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது, விற்ற நூல்கள் அத்தனையும் வாசகர்களிடமிருந்து மறைந்தன. அங்கும் பணம் திரும்ப வந்தது. பணம் வந்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். புத்தகம் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும், அது அப்படித் தீருகிற கணக்கு இல்லை. 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி ஒயர் வழியாக ஏற்றும் வசதியையும் அமேசான் நிறுத்திவிட்டது. நல்ல செய்தி என்றால் ஒன்றுதான்: கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், உரிமம் மட்டும் தருகிறவர் அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்று பொத்தானில் போடக்கூடாது. இங்கேயும் அப்படி ஒரு சட்டம் வர வேண்டும்.

ஆனால் அச்சுக்கே திரும்பிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நான் நினைக்கவில்லை. தமிழ் நூல்கள் நம் கைக்கு வந்த கதையை யோசித்துப் பாருங்கள். பனையோலையைப் பூச்சி தின்னும், ஈரம் தின்னும். அதற்குள் யாராவது உட்கார்ந்து புது ஏட்டில் பெயர்த்தெழுதியாக வேண்டும். எழுதாமல் விட்டவை போய்விட்டன. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது எப்படி? பல ஊர்களில், பல வீடுகளில், பல மடங்களில் அதற்குப் பிரதிகள் இருந்தன. ஒன்றில் சிதைந்த இடத்தை இன்னொன்றில் பார்த்துக்கொள்ள முடிந்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. சுவடிகளும், வேறெங்கும் பிரதி இல்லாத நூல்களும் அதில் இருந்தன. எரிந்தது காகிதமும் ஓலையும்தான். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து எல்லோருக்கும் திறந்து வைத்திருப்பதை அந்த இழப்போடு சேர்த்துத்தான் என்னால் பார்க்க முடிகிறது.

ஒரு நூல் பிழைத்திருப்பது அதற்குப் பிரதி எடுக்கிறவர்களால். மின்நூலைப் போல எளிதாகப் பிரதி எடுக்கக்கூடிய ஏடு மனிதர்களுக்கு இதற்கு முன் கிடைத்ததே இல்லை. அதைக் கொண்டுபோய், நாமே வாங்கிய நூலுக்கு நாமே ஒரு நகல் எடுத்து வைக்க முடியாதபடி டிஆர்எம் என்ற மின்பூட்டைப் போட்டு விற்கிறார்கள். எனக்கு இதில் உள்ள வருத்தம் அதுதான். கருவி மேல் எந்த வருத்தமும் இல்லை.

கருவியை எப்படி விரும்பாமல் இருக்க முடியும்? இதன் ஈ-இங்க் (மின்மை) திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உறைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒவ்வொன்றும் தலைமுடித் தடிமன்தான். உள்ளே தெளிந்த திரவம், அதில் மிதக்கும் வெள்ளைத் துகள்கள், கறுப்புத் துகள்கள். இரண்டுக்கும் எதிரெதிர் மின்னூட்டம். பக்கம் திருப்பியதும், எழுத்து வர வேண்டிய இடத்தில் கறுப்பு மேலே வருகிறது, மற்ற இடமெல்லாம் வெள்ளை. வந்தபிறகு அப்படியே நிற்கும், நிறுத்திவைக்க மின்சாரம் தேவையில்லை. ஒரு சார்ஜ் வாரக்கணக்கில் வருவது அதனால்தான். சில சமயம் பக்கம் மாறும்போது திரை முழுக்க ஒரு கணம் கறுத்து வெளுக்கும். பழுதோ என்று பலர் பயப்படுகிறார்கள். முந்தைய பக்கத்தின் நிழல் தங்கிவிடாமல் திரை தன்னைத் துடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தையே திருப்பித் தருவதால், சித்திரை மாதப் பகலில் மொட்டை மாடியில் வைத்தாலும் எழுத்து இன்னும் தெளிவாகத்தான் தெரியும். செல்பேசியை அங்கே கொண்டுபோனால் நம் முகம்தான் தெரியும்.

எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் வசதி ஒன்றுக்காகவே இந்தக் கருவிக்கு நன்றி சொல்வேன். கண்ணில் புரை விழுந்த பிறகு படிப்பையே விட்டுவிட்ட பெரியவர்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறார்கள். பொடி எழுத்தில் அச்சான பழைய நாவலை, ஒரு பக்கத்துக்குப் பத்து வரி என்ற அளவில் அவர்கள் மறுபடி படிப்பதைப் பார்த்தவர்கள் இதைச் சாதாரணமாகப் பேச மாட்டார்கள்.

இந்தத் திரைக்கும் பூட்டுக்கும் பிறப்பிலிருந்தே பந்தம் உண்டு. 2004இல் சோனி ஜப்பானில் லிப்ரியே என்ற கருவியைக் கொண்டுவந்தது. ஈ-இங்க் திரையோடு கடைக்கு வந்த முதல் படிப்புக்கருவி அது. அதற்கென்று தந்த நூல்கள் 60 நாள் கழித்துத் திறக்காது. அவ்வளவு அருமையான திரையைச் செய்துவிட்டு, இரண்டு மாதத்தில் காலாவதியாகும் புத்தகத்தை அதில் வைத்தார்கள். கருவி ஜப்பானைத் தாண்டி வரவில்லை.

தமிழில் படிக்கிறவர்களுக்குத் தனிச் சங்கடங்களும் உண்டு. யூனிகோடு என்ற கணினி எழுத்துமுறையில் ‘கெ’ என்பது முதலில் ககரம், பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது கருவியின் வேலை. அது தெரியாத கருவியில் கொம்பு பிரிந்து, ஒரு புள்ளிவட்டத்தோடு தனியாக நிற்கும். ஒரு பக்கம் படிப்பதற்குள் வெறுத்துப்போகும். பழைய பி.டி.எஃப்.கள் இன்னொரு தொல்லை. ஆறு அங்குலத் திரையில் எழுத்து எறும்பாகத் தெரியும். பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுக்க வேண்டும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவற்றை எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாக உளறும்.

இதையெல்லாம் தாண்டி வந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் சம்பளம் வாங்காமல் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, சங்க இலக்கியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு வரை ஏற்றி வைத்தார்கள். ஆரம்பத்தில் இருந்த எழுத்துமுறை வழக்கொழிந்தபோது அதே நூல்களை யூனிகோடுக்கு மாற்றினார்கள். ஏடு பெயர்த்தெழுதிய அதே வேலைதான். பூட்டு இல்லாததால்தான் செய்ய முடிந்தது.

நான் நூல் சேர்க்கும் முறை இதுதான். பூட்டில்லாத ஈபப் என்ற மின்நூல் வடிவக் கோப்பாகத் தரும் பதிப்பாளரிடம் கொஞ்சம் அதிக விலையானாலும் வாங்குகிறேன். பூட்டிய நூலை, ஒருமுறை படித்தால் போதும் என்று தோன்றுபவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். திரும்பத் திரும்பப் படிக்க வேண்டிய நூல் பூட்டோடுதான் கிடைக்கிறது என்றால் அச்சில் வாங்கிவிடுகிறேன். கோப்புகளையெல்லாம் கணினியில் கேலிபர் என்ற இலவச மென்பொருளில் அடுக்கி, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு நகல் வைத்திருக்கிறேன். கணக்கில் செல்பேசி எண் மாறினால் உடனே மாற்றிவிட வேண்டும் என்பதை இதைப் படிக்கும் மற்றவர்களும் கவனியுங்கள். கைவிட்ட எண்ணை நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடும், உங்கள் ஓடிபி அவருக்குப் போகும்.

அதனால் எக்ஸ்சேஞ்சில் போட வேண்டாம். அவர்கள் தருவது சொற்பம், போகிறது நல்ல திரை. கணக்கு முடங்கினாலும் பெரும்பாலான கருவிகளில் ஒயர் வழியாக உங்கள் சொந்தக் கோப்பை ஏற்ற முடியும். மதுரைத் திட்டத்திலிருந்து ஒரு நூலை இறக்கி, கேலிபரில் மாற்றி ஏற்றிப் பாருங்கள். உங்களுடையது எந்த மாடல், எந்த வருடத்தது என்று எழுதுங்கள். எந்த வடிவத்துக்கு மாற்ற வேண்டும், எந்த எழுத்துருவைப் போட்டால் கொம்பு சரியாக நிற்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.