விடுமுறையில் அவர்கள் எங்கே போகிறார்கள்?

அன்புள்ள ஐயா,

எங்கள் பல்கலைக்கழக விடுதி மெஸ் தொழிலாளர்கள் சங்கம் அமைத்திருக்கிறார்கள். சம்பளம், வேலைநேரம், மரியாதை என்று கோரிக்கைகள். 'அவர்கள் கான்ட்ராக்டரின் ஆட்கள், எங்கள் ஊழியர்களே அல்ல' என்கிறது நிர்வாகம். வெளியாட்கள் தூண்டிவிடுகிறார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். தேர்வு நேரத்தில் வேலைநிறுத்தம் வந்தால் கஷ்டப்படப்போவது நாங்கள்தான். நிதி திரட்டிக் கொடுக்கலாமா? வேறு எப்படி உதவலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வெளியாட்கள் பேச்சை விடுங்கள். சம்பளம் போதவில்லை என்பதை ஒருவருக்கு வெளியிலிருந்து வந்து யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நிதியைச் சங்கம் கேட்டால் கொடுங்கள். மரியாதை கேட்பவர்கள் முன் நீங்களாக உண்டியலை நீட்டாதீர்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் இரண்டு கைகளை நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் விடுதியில் எச்சில் தட்டைத் தள்ளும் சன்னல் இடுப்புயரம்தான். உள்ளே நிற்பவரின் முகம் தெரியாது. முழங்கைவரை ஈரம், வெளுத்துச் சுருங்கிய விரல்கள், நகக்கண்ணில் சோப்பு அரித்த புண். மூன்று வருடம் அந்தக் கைகளிடம் தட்டைக் கொடுத்தேன். ஒரு விடுமுறை முடிந்து வந்தபோது சன்னலுக்குள் வேறு கைகள். குனிந்து கேட்டேன். "லீவுல வேலை இல்லன்னு நிறுத்துனாங்க, திரும்பக் கூப்பிடல" என்றார் புதியவர். அலுவலகத்தில் விசாரிக்கப் போனேன். யாரைப் பற்றி என்று கேட்டார்கள். எனக்குப் பெயர் தெரியவில்லை.

அன்றிலிருந்து எனக்கு இது ஒன்றுதான் கேள்வி. நமக்கு விடுமுறை என்றால் அவர்களுக்குச் சம்பளமில்லாத மாதங்கள். 2016 அக்டோபரில் ஹார்வர்டின் உணவுக்கூடத் தொழிலாளர்கள் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்களே, அவர்களுடைய முக்கியக் குறைகளில் ஒன்றும் இதுதான். மணிக்கூலி பார்க்க நன்றாகவே இருக்கும். கோடையில் வேலை இல்லை என்பதால் வருடக் கணக்கில் அது சுருங்கிவிடும். ஆகவே ஆண்டுக்குக் குறைந்தது 35,000 டாலர் என்று கேட்டார்கள். 3,500 கோடி டாலருக்கு மேல் அறக்கட்டளை நிதி வைத்திருந்த பல்கலைக்கழகத்திடம்! அக்டோபர் 24 அன்று, பேச்சுவார்த்தை நடந்த கட்டடத்தின் முகப்பிலேயே மாணவர்கள் உட்கார்ந்தார்கள். மறுநாள் தற்காலிக உடன்பாடு வந்தது. கோடை மாதங்களுக்கான உதவித்தொகையும் அதில் இருந்தது.

அவர்கள் பல்கலைக்கழகத்தின் நேரடி ஊழியர்கள். உங்களிடத்தில் நடுவே கான்ட்ராக்டர் நிற்கிறார். சரி, டெண்டர் நிபந்தனைகளை எழுதியது யார்? நிர்வாகம்தானே? குறைந்த தொகை கேட்டவருக்குத்தான் டெண்டர் என்றால் அவர் எதைக் குறைப்பார்? சமையல் எரிவாயு விலை அவர் கையில் இல்லை. ஆள்கூலி இருக்கிறது. அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எத்தனை மாதச் சம்பளம் என்று இருக்கிறதா? கான்ட்ராக்டர் மாறினால் பழைய ஆட்களுக்கு வேலை தொடருமா? விடுதிக் கட்டணம் கட்டுகிற நீங்கள் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். அவர்கள் கேட்டால் வேலை போகும்.

தேர்வைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்து எனக்குக் கோபம் வந்தது. பேரம் பேச அவர்களிடம் இருப்பது அடுப்பை அணைப்பது மட்டும்தான். யாரும் சாப்பிட வராத நாளில் அணைக்கச் சொல்கிறீர்களா? உங்கள் சிரமம் உண்மையானதுதான், மறுக்கவில்லை. அதைத் துணைவேந்தரிடம் போய்ச் சொல்லுங்கள், தட்டு கழுவுகிறவரிடம் வேண்டாம்.

அடுத்த சங்கக் கூட்டம் எப்போது, நாங்கள் வரலாமா என்று கேளுங்கள். வரச்சொன்னால் பின்வரிசையில் உட்காருங்கள். இரவுப் பாத்திரங்களைக் கழுவி முடித்துவிட்டுத்தான் வருவார்கள், கூட்டம் தொடங்க நேரமாகும். காத்திருங்கள்.