கருக்குழாய்த் தொற்றும் சுண்டெலி ஆய்வும்

கேள்வி: கிளமிடியா என்னும் பாக்டீரியாத் தொற்றினால் கருக்குழாய் அடைபட்டுக் குழந்தையின்மை ஏற்படலாம் என்று படித்தேன். அதைச் சுண்டெலிகளை வைத்து ஆராய்கிறார்களாம். எலிக்கு மாதவிடாயே இல்லையே, அதில் கண்டதைப் பெண்களுக்கு எப்படிப் பொருத்துவது? பெண்களிடமே நேரடியாக ஆராய முடியாதா?
— கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020ஆம் ஆண்டில் மட்டும் 15 முதல் 49 வயதுக்குட்பட்டோரிடையே ஏறத்தாழ 12.9 கோடிப் புதிய கிளமிடியாத் தொற்றுகள் ஏற்பட்டன. தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரிவதில்லை. குழந்தை இல்லையென்று மருத்துவரிடம் வரும்போது, பாக்டீரியா எப்போது மேலேறியது, எந்த எதிர்ப்பணுக்கள் அங்கே வந்து சேர்ந்தன என்பவற்றை அறிய வழியிருக்காது. கருக்குழாய்க்கு நிரந்தரச் சேதம் நேரக்கூடும் என்பதால் ஒரு பெண்ணுக்கு வேண்டுமென்றே இத்தொற்றை உண்டாக்குவதை எந்த அறநெறியும் ஏற்காது.

சுண்டெலிக்கென்றே கிளமிடியா மியூரிடாரம் என்ற உறவினப் பாக்டீரியா உண்டு. அது 1940களின் தொடக்கத்தில் எலிகளின் நுரையீரலில் கண்டறியப்பட்டது. எலியின் இனப்பெருக்கச் சுழற்சி நான்கைந்து நாட்களே நீடிப்பதால், முன்கூட்டியே புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன் ஊசி போட்டு எல்லா எலிகளையும் ஒரே நிலையில் நிறுத்திய பிறகே யோனியில் பாக்டீரியாவை வைக்கிறார்கள். அது தானாகவே கருப்பை வழியாகக் கருக்குழாய்வரை ஏறுகிறது. ஏறத்தாழ நான்கு வாரங்களில் எலியின் உடல் தொற்றை நீக்கிவிட்டாலும், பல எலிகளில் கருக்குழாய் நீர்கோத்து வீங்கி அடைபட்டுவிடுகிறது. தொற்றை விரட்ட சிடி4 வகை டி செல்கள் என்னும் எதிர்ப்பணுக்களும் அவை சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமா என்னும் சமிக்ஞைப் புரதமும் இன்றியமையாதவை என்பதையும், குழாயின் சேதத்தில் உடலின் சொந்த அழற்சிக்கே பெரும்பங்கு உண்டு என்பதையும் தெளிவாகக் காட்டியவை இந்த எலிகளே.

ஆனால் மனிதக் கிளமிடியாவை எலியின் யோனியில் வைத்தால், எலி அதை விரைவாகவே ஒழித்துவிடுகிறது. இன்டர்ஃபெரான்-காமாவின் தூண்டுதலால் மனித உயிரணு ட்ரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைத்துப் பாக்டீரியாவைப் பட்டினி போடுகிறது. மனித இனப்பெருக்கப் பாதையைத் தாக்கும் கிளமிடியாவோ, யோனியில் வாழும் பிற நுண்ணுயிர்கள் வெளியிடும் இண்டோல் என்னும் வேதிப்பொருளிலிருந்து அதே ட்ரிப்டோஃபேனைத் தயாரித்துக்கொள்ளும் நொதியை வைத்திருக்கிறது. எலியின் உயிரணு பெரும்பாலும் வேறு புரதங்களைக் கொண்டு தாக்குகிறது. எலியின் கிளமிடியா அவற்றிலிருந்து தப்பத் தெரிந்தது, ஆனால் அதனிடம் அந்த நொதி இல்லை. இந்தப் பொருத்தமின்மையை இத்துறை கண்ட மிகப் பயனுள்ள பாடங்களில் ஒன்றாகவே நான் கருதுகிறேன். எலியில் தடுப்பூசி வெற்றி என்ற செய்தியைப் படிக்கும்போது, எந்தப் பாக்டீரியாவைக் கொண்டு சோதித்தார்கள் என்று கேட்பது அவசியம்.

சூழலும் வேறுதான். பெரும்பாலான பெண்களின் யோனியை லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் அமிலத்தன்மையோடு வைத்திருக்கின்றன. எலியின் யோனி ஏறத்தாழ நடுநிலையானது. உடலுறவின் வழியே தொற்று பரவுவதை ஆராயக் கினிப்பன்றிகளும், மாதச் சுழற்சியோடு சேர்த்து ஆராய மகாக் குரங்குகளும் பயன்படுகின்றன. குரங்கு ஆய்வைச் செலவும் அறநெறிக் கட்டுப்பாடுகளும் மிகச் சிறிய அளவிலேயே நிறுத்தியிருக்கின்றன, அது சரியானதே. விலங்குகளில் சோதித்த பின்னரே சிடிஹெச்522 என்னும் தடுப்பூசி லண்டனில் நலமான 35 பெண்களிடம் முதற்கட்டச் சோதனைக்குச் சென்றது. 2019இல் வெளியான முடிவுகளின்படி அது பாதுகாப்பாக இருந்தது, எதிர்ப்பாற்றலையும் தூண்டியது. தொற்றைத் தடுக்குமா என்பதை அறியும் நோக்கில் அச்சோதனை வடிவமைக்கப்படவில்லை.

கேள்வி: ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் கருக்குழாயும் சரியாகிவிடுமா?
— வாசகி, மதுரை

பதில்: டாக்சிசைக்ளின் போன்ற மருந்து பாக்டீரியாவை அழிக்கும், ஏற்கெனவே விழுந்துவிட்ட தழும்பை நீக்காது. எலிகளிலும் தொற்றிய சில நாட்களுக்குள் மருந்து கொடுத்தபோதுதான் குழாய் காக்கப்பட்டது. அவ்வாறு விரைவில் குணமான எலிகளுக்கு எதிர்ப்பாற்றல் முழுமையாக உருவாகாததால் மறுதொற்றும் எளிதில் ஏற்பட்டது. பெண்களிடமும் மறுதொற்று அடிக்கடி காணப்படுவதால் துணைவரும் சேர்ந்தே சிகிச்சை பெற வேண்டும். ஏறத்தாழ மூன்று மாதங்கள் கழித்து மீண்டும் பரிசோதித்துக்கொள்ளவும் வேண்டும்.